மாப்பிள்ளை வந்து பார்த்த இதயம்

பம்பாய்த் தாராவியில் தோல்பை தைக்கும் ரோசம்மாவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை. சிறுமியாக இருந்தபோது ஆபரேஷன் செய்து அடைத்துவிட்டார்கள். அதன்பின் வருஷந்தோறும் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷ்யாமளாவிடம் எக்கோ எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

எண்பத்தேழில் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை மரியஅந்தோணிக்குக் குர்லாவில் லேத் பட்டறை வேலை. நெஞ்சுத் தழும்பைப் பற்றி மூச்சே விடக்கூடாது என்றாள் அவளுடைய அம்மா சேசம்மாள். ரோசம்மா கேட்கவில்லை. அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "வாற வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க. நீங்களே பாத்துட்டு ஒரு முடிவு சொல்லுங்க," என்றாள்.

அரைநாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றான்.

"இவர் உள்ள இருக்கலாமா?" என்று டாக்டர் ரோசம்மாவைக் கேட்டார்.

"இருக்கட்டும் டாக்டர். அவுக பாக்கணும்னுதான் கூட்டியாந்தேன்."

ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் மெஷின் அப்போதுதான் வந்திருந்தது. டாக்டர் அவள் நெஞ்சில் ஜெல்லியைத் தடவி, கருவியை வைத்தார். திரையில் இதயம் துடித்தது.

"சிவப்பு நம்ம பக்கம் வர்ற ரத்தம். நீலம் விலகிப் போறது. ஓட்டையை அடைச்ச இடம் இதுதான். ஒரு சொட்டு கசியலை, பாருங்கோ."

கருவியைச் சற்று நகர்த்தினார்.

"நுரையீரலுக்குப் போற வால்வு கொஞ்சம் கசியறது. பழைய மெஷின்ல இவ்வளவு தெளிவாத் தெரியலை. இப்போ பயம் இல்லை. கூடறதான்னு ஆயுசுக்கும் பார்த்துண்டே இருக்கணும்."

"பிள்ளை பெத்துக்கிடலாமா டாக்டர்?" ரோசம்மாதான் கேட்டாள்.

"பெத்துக்கலாம். உண்டானா உடனே என்கிட்ட வந்துடணும்."

மரியஅந்தோணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இத்தனை கஷ்டத்தையும் உள்ளே வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிறாளே என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது.

வெளியே வந்ததும், "எங்க அம்மைகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றான். "இனிமே இங்க வரும்போது என்னையும் கூப்பிடு."

ரோசம்மா தலையை ஆட்டினாள்.

கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் உண்டானாள். பேறு காலம் நெருங்கும்வரை டாக்டர் ஷ்யாமளா அவளைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பார்த்தார். கசிவு கூடவில்லை. பெண் குழந்தை சுகமாகப் பிறந்தது.

குழந்தையின் இதயத்தையும் அவரே பார்த்தார். ஜெல்லியின் குளிர்ச்சிக்கு அது வீறிட்டது.

"எல்லாம் நன்னாயிருக்கு, எடுத்துக்கோ," என்று ரோசம்மாவிடம் நீட்டினார். சேசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.