மைக் வாங்க வந்த குரல்

துண்டில் சுற்றிய மைக்கை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் மேசைமேல் வைத்தார் அந்த அம்மா. வயரைச் சுருட்டி நூலால் கட்டியிருந்தார். மைக்கின் பஞ்சு உறையைக்கூடத் தனியாக ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

"பணத்தைத் திருப்பிக் கேக்க வரல சார். நல்ல குரல் இருக்கிற யாருக்காவது கொடுத்துடுங்க. எனக்கு இனிமே இது எதுக்கு?"

அவர் பேசியது என் மாமாவிடம். மாமா என்றால் அக்காவின் கணவர். ஸ்டுடியோ அவருடையது, ஒலிப்பதிவு என் வேலை. அவர்கள் பாடும் அறையில் நிற்க, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் கருவிகளுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன். பாடும் அறையில் மைக் எப்போதும் உயிரோடு இருக்கும். அங்கே பெருமூச்சு விட்டாலும் என் ஸ்பீக்கரில் கேட்கும்.

பாடும் அறை என்று பழக்கத்தில் சொல்கிறேன். பாடுவதற்கு யாரும் வந்து நாளாகிவிட்டது. எல்லோரும் வீட்டிலேயே பதிவு செய்துகொள்ள ஆரம்பித்தபோது, "அப்போ வீட்டுக்கு வேண்டியதை நாமளே விப்போம்" என்று மாமா அந்த அறைச் சுவரோரம் ஓர் அலமாரி வைத்தார். மைக், ஹெட்போன், கீபோர்டு, ஸ்டாண்டு, வயர் எல்லாம் அதில் ஏறின. பக்கத் தொழிலாகத்தான் தொடங்கியது. ஒரே வருஷத்தில் ஸ்டுடியோவே அலமாரிக்குப் பக்கத் தொழிலாகிவிட்டது.

கடைகளில் இல்லாத வசதி எங்களிடம் ஒன்று இருந்தது. வாங்க வருகிறவரை அந்த அறையில் நிறுத்தி, மைக்கில் பேசவைத்து, ஹெட்போனில் அவர் குரலை அவருக்கே கேட்கவைப்போம். அதற்கென்று ஒரு பொத்தான் வைத்திருந்தோம். அதை நான்தான் செய்தேன், மூன்று நாள் உட்கார்ந்து. குரலுக்கு அடியில் கொஞ்சம் கனம், மேலே கொஞ்சம் பளபளப்பு, பின்னால் பெரிய மண்டபத்தில் நிற்பதுபோல மெல்லிய எதிரொலி. எந்த மலிவு மைக்கும் அதில் தேனாகிவிடும். 'அலங்காரம்' என்று பெயர் வைத்தேன். "துணிக்கடையில லைட் போட்டுத்தானே காட்டுறான்? அத யாராச்சும் பொய்னு சொல்றாங்களா?" என்றார் மாமா. நானும் சிரித்தேன். காலையில் கருவிகளைத் தொடும் முன் ஒரு நிமிஷம் கண்மூடிக் கடவுளை நினைப்பவன் நான். கண்ணைத் திறந்ததும் முதலில் அழுத்துவது அந்தப் பொத்தானைத்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் இந்த அம்மா வந்தபோதும் அழுத்தினேன். இருபத்திரண்டு வருஷம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். அந்த இடத்தில் இயந்திரக் குரல் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகம் படித்துப் பதிவு செய்யும் ஒரு நிறுவனம் ஆள் தேடியது. மாதிரிக்கு நாலு பக்கம் படித்து அனுப்ப வேண்டும். ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "இது நானா?" என்றார். "நீங்களேதாம்மா. எல்லாம் இந்த மைக்கோட மகிமை" என்றார் மாமா.

இப்போது அதே இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்: "வீட்ல பேசினா தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி இருக்கு சார். பதினாலு தடவை படிச்சுப் பாத்தேன். தொண்டைய ஆத்தணும்னு நாலு நாள் வாயே திறக்கல. டாக்டர் ஒண்ணுமில்லங்கிறாரு. இங்க பேசினப்போ நல்லா இருந்துச்சே, அதுக்குள்ள எப்படிப் போச்சுன்னு தெரியல. இன்னிக்குத்தான் கடைசி நாள். என்னால முடியாதுன்னு எழுதிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

மாமா சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை போதும். கெட்ட மனிதர் இல்லை அவர். பாடவந்த பெண் பசியோடு நிற்பது தெரிந்தால், தன் சாப்பாட்டை அவள் முன்னால் தள்ளிவைத்துவிட்டு வெளியே போய்விடுவார். ஆனால் அவர் அலமாரிப் பக்கம் திரும்பி, ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினார்.

"வயசாச்சுன்னா குரல் கொஞ்சம் தளரத்தாம்மா செய்யும். கவலைப்படாதீங்க. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இத மாட்டிட்டா போதும். குரலத் தூக்கி நிறுத்திடும்."

அந்த அம்மா தலையாட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. வயசாச்சு என்றதும் கேள்வியே கேட்காமல் ஒப்புக்கொண்ட அந்தத் தலையாட்டல். பொருளை விற்கலாம், கூட ரெண்டு வார்த்தை பெருமையாகச் சொல்லியும் விற்கலாம். கடவுள் கொடுத்ததை ஒருவரிடமிருந்து பிடுங்கி, அதை அவருக்கே பெட்டியில் போட்டு விற்பதா? பிடுங்கியதில் என் விரலும் இருந்தது.

அறைக்குள் பேசும் சுவிட்சை அழுத்தினேன்.

"அம்மா, உங்க குரல் எங்கயும் போகல."

இருவரும் கண்ணாடியைப் பார்த்தார்கள்.

"மாப்ள, நீ உன் வேலையப் பாரு."

"இதுதான் மாமா என் வேலை. அம்மா, ஹெட்போன மாட்டிக்கிட்டு ஏதாவது பேசுங்க."

அவர் தயங்கி மாட்டிக்கொண்டார். "மூன்றாவது நடைமேடையில் நிற்கும் பேருந்து இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்" என்றார். அலங்காரத்தைப் போட்டேன். மறுபடி சொல்லச் சொல்லி, அதை எடுத்துவிட்டேன். போட்டேன். எடுத்தேன். நாலாவது தடவை அவருக்குப் புரிந்துவிட்டது.

"அன்னிக்கு நீங்க கேட்டது நான் செஞ்ச ஜோடனைம்மா. வீட்ல சுவரெல்லாம் மொட்டையா இருக்கும், குரல் பட்டுத் திரும்பும், அதான் தகரம் மாதிரி கேக்குது. குரல்ல ஒரு குறையும் இல்ல."

நன்றி சொல்வார் என்று என் மனத்தின் ஒரு மூலை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் ஹெட்போனைக் கழற்றினார்.

"நாலு நாளு தம்பி. எம்பொண்ணு போன் பண்ணினா எடுக்காம, எழுதி எழுதி அனுப்பினேன். பயந்துபோய் அழுதிருக்கா அவ. உங்களுக்கு இது வெளையாட்டா?"

மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னார். வந்து சேர வேண்டிய இடத்துக்குத்தான் வந்தது.

"மன்னிச்சுடுங்கம்மா. இன்னிக்குத்தானே கடைசி நாள்? இங்கயே உக்காந்து படிங்க. எங்க மைக்லயே எடுத்து, நானே அனுப்பி வெக்கிறேன்."

மாமா கதவைத் தள்ளிக்கொண்டு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். அந்த அம்மா கேட்கக்கூடாது என்ற அளவுக்கு வெட்கம் மிச்சமிருந்தது.

"பதினோரு மணிக்குக் கீபோர்டு பாக்க ஆள் வரான். ரூம் வேணும். நம்ம வீட்ல அடுப்பு எரியறது அந்த அலமாரியாலதான், மறந்துட்டியா? உங்கக்காவுக்கு நீ பதில் சொல்லு. துணிக்கடையில லைட் போடலையாடா?"

"லைட்டுல பாத்து வாங்கின துணி வீட்ல மங்கிப்போச்சுன்னா, கடைக்காரனத் திட்டுவாங்க மாமா. இவங்க தன்னையே திட்டிக்கிட்டாங்க."

அவர் வெளியே போய்க் கதவை அறைந்து சாத்தினார்.

நான் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுபோய் வைத்தேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுலயாவது ஏதும் பூசாம இருப்பியா?"

"எதுவும் பூச மாட்டேம்மா."

முதல் வரியில் கோபம் இருந்தது. இரண்டாவது பக்கத்தில் அது கதையில் வருகிறவர்களின் கோபமாக மாறிவிட்டது. நான் எதையும் தொடவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோரு மணி இருக்கும். கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தேன். கீபோர்டு பார்க்க வந்தவர் வரவேற்பறையில் சத்தமாக ஏதோ கேட்டுக்கொண்டே இங்கே நடந்து வந்தார். கதவுக்கு வெளியே, மேலே, பதிவு நடக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமா, அதைப் பார்த்தாரோ, இத்தனை வருஷப் பழக்கமோ, சட்டென்று எழுந்து, வந்தவரை மறித்து, தன் உதட்டில் விரலை வைத்தார். வந்தவரும் வாயை மூடிக்கொண்டார். இருவர் நெற்றியிலும் சிவப்பு விழுந்திருந்தது. ஸ்பீக்கரில் அந்த அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. மாமா விரலை எடுக்காமல் நின்றார்.