வந்த வழி

"மூடியைத் தொறடா கண்ணு," என்றான் மொழிபெயர்ப்பாளன் ஹென்றி.

அறுபத்தைந்து வயதான கன்யூ சித்தப்பாவிடம்தான் அப்படிச் சொன்னான். ஹென்றி ஹவாயில் பிறந்தவன், பெற்றவள் இந்த ஒக்கினாவாத் தீவுக்காரி. அவள் அடுப்படியில் கொஞ்சியதும் அதட்டியதும்தான் இந்த மொழியில் அவனுக்குத் தெரிந்த மொத்தப் பேச்சு. அமெரிக்கச் சீருடை மாட்டிக்கொண்டு ஊரில் எல்லோரிடமும் அதையே பேசித் திரிந்தான்.

"யாருடா உனக்குக் கண்ணு? உள்ள படுத்திருக்கிறது எங்க அண்ணன். வேற என்ன இருக்கும்னு நெனச்ச, பீரங்கியா?" என்றார் சித்தப்பா.

"நான் சொல்லல, கேட்டுல நிக்கிறவன் சொல்றான். பெட்டியோ மூட்டையோ, தொறந்து பாக்காம உள்ள விடக்கூடாதாம். அடம் பிடிக்காத கண்ணு."

சவப்பெட்டி படைத்தள வாசலில் நின்ற ராணுவ டிரக்கின் பின்பக்கத்தில் கிடந்தது. தோளில் சுமந்து ஊர்வலமாகப் போக அனுமதியில்லை என்று டிரக்கையும் அமெரிக்கர்களே கொடுத்திருந்தார்கள். அம்மா படையல் மூட்டையோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எல்லோர் பார்வையும் இறந்தவரின் மகன் மசானோரி மேல்தான் இருந்தது. படைத்தளத்துச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறவன் அவன்தானே, அவன்தான் இதைத் தீர்க்கவேண்டும்.

நேற்று உள்ளே போக அனுமதிக்கு அலைந்ததும் அவன்தான். ஊராட்சி அலுவலகத்தில், "எங்க கையில என்னப்பா இருக்கு?" என்று கையை விரித்தார்கள். போலீஸ்காரர் தலைநகர் நாஹாவில் கேட்கச் சொன்னார். நாஹாவில் நம் ஆட்களே நடத்தும் அரசாங்கம் ஒன்று இருக்கிறது. அவர்களும் பதவிசாகத் தேநீர் கொடுத்துவிட்டு, அமெரிக்கர்களைத்தான் கேட்கவேண்டும் என்றார்கள். நாற்காலி நம்முடையது, அதிகாரம் அவர்களுடையது. கடைசியில் சலவைக்கூடத்து சார்ஜென்ட் ஒரு லெப்டினென்டிடம் ஒரு வார்த்தை சொன்னார், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் மசானோரிக்கு அவமானமாக இருந்தது.

அப்பா இந்த வாசலை மிதித்ததே இல்லை. போர் முடிந்த கையோடு ஊரை வளைத்து வேலி போட்டு, வீடுகளை இடித்து விமான ஓடுபாதை போட்டார்கள். ஊர்க்காரர்களை மேட்டில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். நிலத்துக்கு வாடகை என்று அவர்கள் நீட்டியதை அப்பா வாங்கவில்லை. முன்னோர் கல்லறைக்கு வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே அனுமதி வாங்கிக்கொண்டு உள்ளே போகும். அவர் மட்டும் வேலிக்கு வெளியே உட்கார்ந்திருப்பார். "என் வீட்டுக்குப் போக எவன்கிட்டயும் கைகட்டி நிக்கமாட்டேன்" என்பார். மசானோரி சலவைக்கூடத்தில் சேர்ந்த அன்று அவனோடு பேச்சை நிறுத்தினார். நோயில் விழுந்தபோதுகூட அவன் கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை. அம்மா வந்து கொடுக்கும்வரை வறண்ட உதட்டோடு காத்திருந்தார்.

ஆனால் அவரைப் பெற்றவர்களும் போரில் செத்த மூத்த மகனும் இருக்கும் கல்லறை வேலிக்கு உள்ளேதான் இருந்தது. அவரை வைக்க வேறு இடம் கிடையாது.

மசானோரி டிரக்கில் ஏறி, தானே மூடியை நெம்பித் திறந்தான். சிப்பாய் எட்டிப் பார்த்தான். உடனே தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அந்த மரியாதை மட்டும் இல்லாமல் இருந்தால் அவனை மனசாரத் திட்டியிருக்கலாம்.

உள்ளே கல்லறை எண்ணெய்த் தொட்டிகளுக்கு நடுவில் ஆமை போலக் குந்தியிருந்தது. சுற்றிலும் புல்லை அழகாக வெட்டி வைத்திருந்தார்கள். வாசல் கல்லை நகர்த்திப் பெட்டியை உள்ளே வைத்தார்கள். சித்தப்பா சாராயத்தை ஊற்றினார். அம்மா குனிந்து இருட்டுக்குள் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை மாமா கூட இருங்க. பெரியவனும் இங்கதான் இருக்கான். எங்க பின்னாடி வந்துடாதீங்க."

கல்லை மூடியதும் ஹென்றி டிரக்கைக் காட்டினான். அம்மா நகரவில்லை.

"வந்த வழியே திரும்பக் கூடாது. திரும்பினா அவரும் கூடவே வந்துடுவாரு. அப்புறம் இங்கயும் இல்லாம வீட்லயும் இல்லாம அலையணும். வேற வழி கேளு."

மேற்கு வாசல் மசானோரிக்குத் தெரியும். தினமும் வேலை முடிந்து அவன் வெளியேறும் வழி அது. ஹென்றி போய் லெப்டினென்டிடம் கேட்டுவிட்டு முகம் வாடி வந்தான்.

"மேற்கு வாசல் வேலைக்காரங்களுக்கு மட்டுமாம். அட்டை இருக்கிறவன் போலாம். நீ ஒருத்தன் போலாம் கண்ணு. மத்தவங்க வந்த வழிதான்."

மசானோரியின் சட்டையில் படம் போட்ட அட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப நீ அந்தப் பக்கம் போ," என்றாள் அம்மா. "நாங்க கெழடுங்க, எங்களுக்கு என்ன வந்தா என்ன? வாழவேண்டியவன் நீ. செத்தவங்க தொடர்ந்தா உனக்கு ஆகாது."

"உசுரோட இருந்தப்பவே இவன்கிட்ட பேசாத மனுஷன். இப்ப மட்டும் இவன் பின்னாடியா வந்துடப் போறாரு?" என்றார் சித்தப்பா.

சொன்னதும் அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். மசானோரிக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

மேற்கே சாலை நேராகப் போயிற்று. நடந்தால் ஒரு சிகரெட் நேரம். வெளியே போய்க் கடலில் கால் கழுவினால் தீர்ந்தது, அப்பா அவனை விட்டுவிடுவார். காலமெல்லாம் இந்த வேலிக்குள்ளேயே, யாரிடம் கைகட்ட மாட்டேன் என்றாரோ அவர்கள் வெட்டும் புல்லுக்கு நடுவிலேயே கிடப்பார். வெளியே வந்தாலோ அலைவார். எதுவும் நல்லதாகத் தெரியவில்லை. அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு டிரக்கில் ஏறினான்.

"டேய், சொன்னாக் கேளுடா."

"ஏறும்மா."

அம்மா அவனையே பார்த்தாள். பிறகு அவன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

வாசலில் அதே சிப்பாய் தடுப்புக் கட்டையை உயர்த்தினான். டிரக் கடந்ததும் கட்டையை இறக்கப் போனான். மசானோரி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "வெயிட்! வெயிட்!" என்று கத்தினான். டிரைவர் பிரேக்கை அழுத்தினான். சிப்பாய் கயிற்றைப் பிடித்தபடியே ஏதோ கேட்டான்.

"பின்னாடி யாராச்சும் வர்றாங்களான்னு கேக்கிறான் கண்ணு," என்றான் ஹென்றி.

தார்ச் சாலை வெயிலில் வெறிச்சோடிக் கிடந்தது.

"ஆமா," என்றான் மசானோரி. "கொஞ்சம் மெதுவாத்தான் வருவாரு."

ஹென்றி அதை மொழிபெயர்க்கவில்லை. சிப்பாயைப் பார்த்து, பொறு என்பதுபோல் கையை மட்டும் உயர்த்தினான். கட்டை மேலேயே நின்றது.

அம்மா தன் பக்கத்தில் இருந்த மூட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அங்கே ஓர் ஆளுக்கு இடம் விட்டாள்.