இரண்டாவது தென்னை

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. மாமல்லபுரத்தில் ஒரு வீட்டில் டீ குடிக்க உட்கார்ந்திருந்தேன். அலமாரியில் பழைய வீட்டுக் கணினி ஒன்று, மூடி கழற்றியபடி. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அதுதான் என்னை அரித்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

அன்று கடல்… (வேண்டாம். கடலுக்கு இதில் வேலை இல்லை.)

2

2003. ஷஃபானா தினமும் செங்கல்பட்டுக்குப் பஸ் பிடித்து பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அவள் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, அவளைப் பெற்ற அத்தா கிஃபாயத்துல்லா, தான் வேலை பார்த்த ஜித்தாவிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தக் கணினியையும் ஒரு கேசட்டையும் கொடுத்தனுப்பினார். அந்தக் காலக் கணினிக்குப் படத்தையும் கேசட்டில்தான் பதிவார்கள்; அதை ஓட்டினால், அத்தா கட்டம் கட்டமாக வரைந்த படம் டிவியில் வரும்: வீடு, இரண்டு தென்னை, வாசலில் குண்டாக அம்மா, பக்கத்தில் அண்ணன் உசாமா, அவனை ஒட்டி மங்கலாக இன்னொரு பிள்ளை.

'அந்தப் பிள்ளை நான்தான்' என்பது ஷஃபானாவின் கட்சி. பிறக்கும் முன்பே அத்தா அவளை வரைந்துவிட்டார். அவர் ஊர் திரும்பாமலே அங்கேயே இறந்துபோனார். அவளுக்கென்று இருக்கும் அத்தா அவ்வளவுதான்.

3

படத்தில் எப்போதும் புள்ளி பறக்கும். காரணம், கணினிக்குள் இருக்கும் ஒரு தகர டப்பா. படத்தை ஒளிபரப்பு மாதிரி மாற்றி டிவியின் ஆன்டெனா துளை வழியாக அனுப்புவது அதுதான். அதை விலக்கிவிட்டு, படம் வரும் ஒயரை நேராகப் புது டிவியின் மஞ்சள் துளைக்குக் கொடுத்தால் பளிச்சென்று தெரியும்.

"இன்னாத்த நோண்டிகினு கீற? கெட்டுறப் போவுது" என்றான் உசாமா.

"என் மூஞ்சியப் பாக்கணும்ண்ணா."

டப்பாவை எடுத்தாயிற்று. டிவிக்குப் பின்னாலிருந்து பழைய ஒயரை இழுத்தபோதுதான் பார்த்தாள்: கணினி ஒயரையும் மாடி ஆன்டெனா ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தது. கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு யாரோ என்றைக்கோ செய்த வேலை. அப்படி முறுக்கினால் படத்தில் ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் அதன் நிழல் மங்கலாக விழும். வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணா, நம்ம வூட்ல எத்தினி தென்ன இருந்துது?"

"ஒண்ணுதான். ஏன்?"

அவள் கை நின்றது. (நானும் பேனாவை மூடிவிட்டேன். மங்கலான பிள்ளை அண்ணனின் நிழல் என்றால், இவளுக்கு என்ன மிஞ்சும்? தெருவில் சிற்பிகளின் உளிச் சத்தம் ஓயவே இல்லை. எரிச்சலாக வந்தது.)

4

முடிவு அ: டப்பாவைப் பழையபடி பற்றவைத்துக் கணினியை மூடிவிடுகிறாள். எழுதிப் பார்த்தேன். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை.

முடிவு ஆ: நிஜமாகவே படத்தில் இரண்டு பிள்ளைகள்… இது நான் அவளுக்குக் கொடுக்கும் லஞ்சம். அடித்துவிட்டேன்.

5

அடுக்களையிலிருந்து அம்மா சம்சாத் பேகம் வந்தாள். நிழல் சமாச்சாரத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"அதான் என்னிய குண்டா காட்டுச்சா! அந்த மனுசன் ஊர்ல இருந்தப்ப நான் ஒல்லிக்குச்சிடி. நீ வயித்துல வந்தப்புறம்தான்…"

சிரிப்பு நின்றது.

"நான் வரப்போறது அத்தாவுக்குத் தெரியுமாம்மா?"

"போன்ல கத்திக் கத்திச் சொன்னேன். லைன்ல ஒரே எரைச்சல். 'சரி சரி'ன்னாரு. காதுல வுழுந்துச்சோ இன்னாவோ."

ஷஃபானா ஒயரை மஞ்சள் துளைக்குக் கொடுத்தாள். கேசட் கீச்சிட்டு ஓய்ந்தது. படம் மேலிருந்து வரிவரியாக இறங்குகிறது. ஒரே ஒரு தென்னை. வாசலில் உசாமா; அவனை ஒட்டி எந்தப் பிள்ளையும் இல்லை. இதற்கு மேல் நான் பார்க்க மாட்டேன்.

அவனுக்குப் பக்கத்தில் அம்மா நிற்கிறாள். ஒல்லியாகிவிட்டாளா, இன்னும் குண்டாகத்தான் இருக்கிறாளா? குண்டு என்றால், போனில் கத்தியது அத்தாவின் காதில் விழுந்திருக்கிறது. நீங்களே பார்த்து அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்.