பன்னிரண்டாவது பிணம்

வாத்து ஒன்று காதைக் கொத்தியும் ஹெஸ்டர் அசையவில்லை. நார்ஃபோக்கின் சில்லிட்ட ஆற்றுச் சேற்றில், மூச்சை அடக்கிக்கொண்டு செத்துக் கிடந்தாள்.

"கட்!"

இன்ஸ்பெக்டர் வேடம் போட்ட க்ளைவ் கைகொடுத்துத் தூக்கினான். "பிரமாதமா சாகுற, ஹெஸ்டர். இதோட எத்தனை?"

"பன்னிரண்டு. வாயை மூடு."

இங்கிலாந்தின் துப்பறியும் தொடர்களில் கொலைகாரி வேடம் ஊரறிந்த நடிகைக்குத்தான். பார்க்கிறவர்களும் டீயை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பிரபலம்தான் செஞ்சிருப்பா" என்று பத்தாவது நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பேர் தெரியாத நடிகைக்குப் பிணம். இருபது வருஷமாக ஹெஸ்டருக்குப் பிணம்தான். இந்த முறையும் அதோடு முடிந்தால் நடிப்புக்கே முழுக்கு என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இந்தக் கதையில் முதலில் சாவது ஒரு பாதிரியார். அவரைக் கொன்றது யார் என்பது டைரக்டர் ரோவீனாவுக்கு மட்டுமே தெரியும். பத்திரிகைக்குக் கசிந்துவிடும் என்று கடைசிப் பக்கத்தை யாரிடமும் தரவில்லை.

"செத்தாச்சு. நான் கிளம்பட்டுமா?" என்றாள் ஹெஸ்டர்.

"எங்க கிளம்புறீங்க? நாளைக்கும் வரணும்."

"எதுக்கு? போஸ்ட்மார்ட்டத்துக்கா?"

ரோவீனா சிரித்தாள். "உங்களைப் பிணமாவே பார்த்துப் பழகின ஜனங்க ஏமாறணும். அதுக்குத்தான் உங்களையே கேட்டு வாங்கினேன்." மடித்த காகிதம் ஒன்றை நீட்டினாள்.

ஹெஸ்டர் சேற்றுக் கையால் பிரித்துப் படித்தாள்.

'ஆம்புலன்ஸில் பிணம் கண் விழிக்கிறது. பாதிரியாரைக் கொன்றவள் அவள்தான்.'