நீலம் மாறாத குழாய்

செல்லாத்தாளுக்குக் காலையில் காப்பி வைப்பதற்கு முன் ஒரு வேலை உண்டு. புருஷன் காளிச்சாமி கிண்ணியில் பிடித்துக் கொடுக்கும் சிறுநீரில் சில சொட்டுகளை, டாக்டர் கொடுத்த நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் எக்கச்சக்கம். காளிச்சாமிக்கு என்றைக்கும் செங்கல்தான். "சூளை போட்டுரலாம் புள்ளே!" என்று சிரிப்பார். சிரிக்கிற சமாசாரமா அது?

ஊசி போட்டும் பயனில்லை. மனுஷர் வாயைக் கட்டுகிற ஆளும் இல்லை. பயந்துபோய் அவள் ஊர் மாரியாத்தாளிடம் நின்றாள். "குழாயில நீலம் நின்னுதுன்னா மாவெளக்கு எடுக்கறேன் தாயே."

ஆத்தாள் கேட்டுவிட்டாள்! தை பிறந்ததும் நிறம் இறங்க ஆரம்பித்தது. மாசி முழுக்க நீலம். செல்லாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. பங்குனியில் பச்சரிசி இடித்து, வெல்லம் போட்டுப் பிசைந்து, நெய்த்திரி வைத்து மாவிளக்கு எடுத்தாள். விளக்கு மலையேறியதும் இனிப்பு மாவை உருட்டி, முதல் உருண்டையைத் தன் கையாலேயே புருஷன் வாயில் போட்டாள். சாமி பிரசாதம் என்ன செய்துவிடும்? அவரும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றார். மறுநாள் காய்ச்சினாள். அப்போதும் நீலம்!

"பாத்தீங்களா, போயே போச்சு!"

"அப்ப இனிமே என்னைய அதட்டாதே" என்றார் அவர்.

ஆனால் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. காலையில் முகமும் உப்பிக் கிடந்தது. பஸ் பிடித்து உக்கடத்தில் டாக்டர் வெங்கடபதியிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு சிறுநீரை அவள் கண்முன்னே காய்ச்சினார். நீல மருந்தே விடவில்லை. மேலாக வெள்ளை திரண்டது. காடி வாசமடிக்கும் எதையோ சொட்டு விட்டார், அப்போதும் கரையவில்லை. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போலிருந்தது.

"இது ஆல்புமின், அம்மணி. உடம்புல நிக்கவேண்டிய சத்து. கிட்னி கெட்டுப்போய் ஒழுகுது."

"சக்கரை போயிருச்சுங்களே டாக்டர்? தெனமும் நாந்தானுங்க பாக்கறேன்."

மத்தியானம் ரத்தத்தின் முடிவு வந்ததும் டாக்டர் தலையை ஆட்டினார். "எங்கீங்க போச்சு? முந்தியவிட ஜாஸ்தியா இருக்குது. கிட்னி சரியா வடிகட்டறதில்லை. அதனால சக்கரை வெளியே வராம ரத்தத்துலயே நிக்குது."

"ஒழுகுதுன்னீங்க. ஒழுகினா எல்லாந்தானுங்க போகோணும்? சத்துப் போகுது, சக்கரை மட்டும் எப்படிங்க நிக்கும்?"

டாக்டர் முடிவுக் காகிதத்தை மடித்து வைத்தார். "அந்தச் சீக்கு அப்படித்தானுங்க அம்மணி."

"நீலம் நல்லதுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"சொன்னேன். அப்ப நல்லதுதான்."

இது என்ன பேச்சு! அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. டாக்டர் மீதா, ஆத்தாள் மீதா, உருண்டை ஊட்டிய தன் கை மீதா என்று பிடிபடவில்லை.

"பழையபடி ஆகுமுங்களா?"

"கெட்டது கெட்டதுதானுங்க. உப்பைக் குறைச்சு, வாயைக் கட்டி, இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

பஸ்ஸில் காளிச்சாமி வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "நீலமாத்தானே இருக்குது? அப்புறம் எதுக்குப் புள்ளே அழுவறே?" என்று கேட்டார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கே விளங்கினால்தானே சொல்வதற்கு.

மறுநாள் காலை குழாயை நெருப்பில் பிடித்தபடி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் கொதித்தது, நீலமாகவே நின்றது. விளக்கை ஊதி அணைத்துவிட்டு, கலைந்த தலையோடு கோயிலுக்கு ஓடினாள்.

"தாயே, அந்தச் செங்கல் நெறத்தையே திருப்பிக் குடுத்துரு. இன்னொரு மாவெளக்கு எடுக்கறேன். மாவை மட்டும் அவுங்க கண்ணுலயே காட்டமாட்டேன்."