பதினொரு விநாடிக் குரல்

ஜெகதாப்பட்டினத்து ஐஸ் பிளாண்டில் இருபத்திரண்டு வருஷமாக இயந்திரம் பார்க்கும் உமர் பாரூக்கிடம் ஐஸ் எப்படி உறைகிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலிருக்கும் டீயை ஆறவிட்டுவிடுவார். குழாய்க்குள் அமோனியா விரியும்போது சுற்றியிருக்கும் உப்புத்தண்ணீரின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அந்த உப்புத்தண்ணீரில் இறக்கிவைத்த டின்களுக்குள் நல்ல தண்ணீர் பாளம் பாளமாக உறைந்துவிடும். அன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அவர் அழுத்தமானியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முள் சரியான இடத்தில் நின்றது. உதவியாள் நாகராசு போனை நீட்டினான்.

“பாய், இது நீங்கதானே?”

அவர் குரலேதான். பதினொரு விநாடி. “அமோனியா லீக் ஆயிருச்சு! பிளாண்டுப் பக்கம் யாரும் வராதீங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு தூரமாப் போயிருங்க!”

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு வால்வு கசிந்தபோது அவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியது. இருபது நிமிஷத்தில் சரிசெய்துவிட்டு, ‘இனி பயமில்லை’ என்று இன்னொன்றும் அனுப்பியிருந்தார். முதலாவதை ஊரே கைமாற்றிக்கொண்டது. இரண்டாவதை ஒருவரும் யாருக்கும் அனுப்பவில்லை. ஒரு குரூப்பிலிருந்து இன்னொரு குரூப்புக்குத் தாவும் குரல், பேசிய தேதியைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போகிறது; வந்து சேர்ந்த நேரமே அதன் நேரமாகிவிடுகிறது. இன்று அதை யாரோ தட்டிவிட்டிருக்கிறார்கள். யாரென்று எங்கே போய்த் தேடுவது?

அவர் புதிதாக ஒன்று பேசி, தான் இருக்கும் நான்கு குரூப்பிலும் போட்டார். உடனே பதில் வந்தது: ‘மொதலாளி பக்கத்துல நின்னு பேச வைக்கிறாரு. நம்பாதீங்க.’

வெளியே மீன்காரி மீனம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

“நில்லு மீனம்மா, லீக்கெல்லாம் இல்ல!”

“போங்க பாய், எனக்கே நெடி அடிக்குது.”

“நெசமா லீக்கானா கண்ணு எரியும், தொண்டை அடைக்கும். நீ நின்னு சண்டை போடுறியே!”

“நீங்கதானே ஓடச் சொன்னீங்க? இப்ப நிக்கச் சொல்றீங்க. ஒங்களுக்கு எத்தன வாயி?”

அவருக்குச் சட்டென்று மகள் ஞாபகம் வந்தது. பவுசியாவுக்கு இன்று பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர். பைக்கை எடுத்தார்.

பள்ளி வாசலில் முப்பது பேருக்குமேல் பெற்றோர்கள். ஆளாளுக்கு ஸ்பீக்கரில் வைத்திருந்தார்கள். ஒன்று முடியுமுன் இன்னொன்று தொடங்கி, பத்துப் பதினைந்து உமர் பாரூக்குகள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தேர்வறை ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன.

தேர்வறை மேற்பார்வையாளர் திலகவதி வாசலுக்கு வந்தார். “பவுசியா அத்தாவா நீங்க? கால் மணி நேரத்துக்கு முந்தியே எந்திரிச்சுப் போயிருச்சு சார். மத்த புள்ளைங்களப் பேசி உக்கார வச்சிட்டேன். இது மட்டும், ‘எங்க அத்தா குரல் மிஸ், அவுங்க உள்ளதான் நிப்பாங்க’ன்னு அழுதுச்சு. கையப் புடிச்சேன். ஒதறிட்டு ஓடிருச்சு.”

போன் அடித்தது. நாகராசு. “பாய், பாப்பா குறுக்குப் பாதையில ஓடியாந்து இங்க நிக்குது.”

“மிஸ், பத்து நிமிஷத்துல கூட்டியாந்துர்றேன். உக்கார விடுங்க.”

“வெளிய போனவங்கள திரும்ப உள்ள விட எனக்கு அதிகாரம் இல்லைங்க. தாளை வாங்கி, பாதியில போனதா எழுதிக் கட்டியாச்சு.”

அவர் விளக்கினார். வால்வைப் பற்றி, மூன்று வருஷத்தைப் பற்றி, தேதி எப்படிக் கழன்றுபோனது என்பதைப் பற்றி. திலகவதி ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டார்.

“எல்லாம் புரியுது சார். இத நான் யாருக்கு எழுதிப் போடட்டும்?”

நாகராசுவின் அழைப்பை அவர் துண்டிக்கவில்லை; போனில் இன்னும் இரைச்சல் கேட்டது. காதில் வைத்தார்.

“அத்தா, ஒங்களுக்கு ஒண்ணுமில்லையே?” பவுசியாவுக்கு மூச்சு வாங்கியது.

“நல்லாருக்கேம்மா.”

“அப்ப நான் திரும்பப் போயி எழுதிர்றேன். இன்னும் நேரம் இருக்குத்தா. ரெண்டு கணக்குதான் பாக்கி.”

“பவுசியா, கேளும்மா...”

இணைப்பு அறுந்தது. அவர் திரும்பக் கூப்பிட்டார். நாகராசுதான் எடுத்தான்.

“கெளம்பிருச்சு பாய். நீங்க நிக்கிற பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடுது.”