பன்னிரண்டு மணி நேரம் ஆறவிடவும்

மோட்டாரை வண்டியின் நடுவில் வைப்பதா, சக்கரத்துக்குள்ளேயே வைப்பதா என்று வருடக்கணக்கில் சண்டை போடலாம் என்று சொன்னால் வெளியாட்கள் சிரிப்பார்கள். அவளுடைய கல்யாண வாழ்க்கையில் பாதி அந்தச் சண்டையில்தான் போயிருந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு மின்வண்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அவள் சோதனைப் பிரிவின் தலைவி. அவளுடைய கணவர் அதே கம்பெனியில் சக்கர மோட்டாரை வடிவமைத்தவர். அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. வாசல் காவலாளியிலிருந்து முதலாளிவரை எல்லோருக்கும் அவர் சக்கரத்தார்தான்.

சக்கரத்தாரின் கட்சி கேட்க அழகாக இருக்கும். கியர் வேண்டாம், நீளத் தண்டு வேண்டாம், சக்கரமே மோட்டார். நடுவில் கிடந்த இரும்பெல்லாம் போய்விட்டால் வண்டியின் தரை முழங்காலுக்குக் கீழே இறங்கிவிடும். சக்கர நாற்காலியில் வருகிற நோயாளியை நாலு பேர் தூக்க வேண்டாம், ஒரு பலகையைச் சாய்த்தால் உருட்டிக்கொண்டே உள்ளே போகலாம். இடது சக்கரம் ஒரு வேகத்திலும் வலது சக்கரம் வேறு வேகத்திலும் சுற்றுவதால் முட்டுச்சந்திலும் வண்டி சுலபமாகத் திரும்பும். இதை விளக்கச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தட்டுகளைச் சுற்றிக் காட்டுவார். ரசம் சிந்தினாலும் கவலைப்பட மாட்டார்.

அவள் கட்சிக்கு அந்த அழகு கிடையாது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் எடை சொகுசாக வரும், கீழே இருக்கும் எடை ஒவ்வொரு பள்ளத்திலும் உதை வாங்கும். உதை வாங்குகிற இடத்தில் கொண்டுபோய் மோட்டாரை வைப்பானேன்? ஒட்டினாற்போல பிரேக், அதன் சூடு. கீழே சேறு, தண்ணீர். நடுவில் இருக்கும் மோட்டார் கெட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஒரு சக்கரத்து மோட்டார் கெட்டால் அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ளும், மறுபக்கம் இழுக்கும், வண்டி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. உனக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் என்பார் அவர். குறை பார்க்கத்தானே சம்பளம் தருகிறார்கள் என்பாள் அவள். ஆனாலும் முதல் நோயாளி தன் நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு வண்டிக்குள் ஏறிய அன்று, கைதட்டியவர்களில் அவளும் இருந்தாள். என்ன இருந்தாலும் தன் வீட்டுக்காரர் செய்தது என்ற பெருமை இல்லாமலா போகும்?

ஐந்து வருடத்தில் முந்நூறு வண்டிகள் ஆஸ்பத்திரிகளுக்குப் போயின. இந்த மழைக்காலத்தில் அதில் ஒன்று, நல்லவேளையாக நோயாளி யாரும் இல்லாதபோது, நெடுஞ்சாலையில் வலது பக்கமாகத் திரும்பி நடுச்சுவரில் மோதியது. ஓட்டுநருக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கம்பெனி இரண்டே நாளில் ஓர் அறிக்கை கொடுத்தது: ஈரச் சாலையில் ஓட்டுநர் தவறாகப் பிரேக் போட்டிருக்கிறார். சக்கரத்தில் குறை இல்லை என்பதற்குச் சாட்சியாகச் சோதனைச் சான்றிதழும் இணைக்கப்பட்டிருந்தது. அதில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. சொன்னால் கட்டாயம் தடுப்பார்கள் என்று சொல்லாமல் போனாள். ஓட்டுநர் ஐம்பது வயதுக்காரர், இருபத்தாறு வருடம் வண்டி ஓட்டியவர். உரிமத்தை ரத்து செய்யப்போவதாகக் கடிதம் வந்திருந்தது. காலைவிட அதுதான் அவரை அரித்துக்கொண்டிருந்தது.

"மலைப்பாதை முழுக்க பிரேக் போட்டுக்கிட்டே இறங்கினேன் மேடம். கீழ பாலத்துக்கு அடியில தண்ணி நின்னுச்சு. மெதுவா தாண்டிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு வலது சக்கரம் பிடிச்சுக்கிச்சு. அப்ப நான் பிரேக்கைத் தொடவே இல்ல. என் காலைத் தொட்டு சத்தியம் பண்ணுவேன், அதுதான் இப்ப என்கிட்ட இல்லியே."

அவர் சிரித்தார். அவளால் சிரிக்க முடியவில்லை.

சோதனைக்கூடத்துக்குத் திரும்பி, கிடங்கிலிருந்து நான்கு புதுச் சக்கரங்களை எடுக்கச் சொன்னாள். வழக்கமான வரிசைதான்: முதலில் சூடேற்றுவது, குலுக்குவது. பிறகு பன்னிரண்டு மணி நேரம் ஆறவிடுவது. மறுநாள் காலை தண்ணீர்த் தொட்டியில் முக்குவது. நான்கும் ஒரு சொட்டு உள்ளே விடாமல் தேறின. ஓட்டுநர் பொய் சொல்கிறார் என்று நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மலையிலிருந்து இறங்கிச் சூடான சக்கரம் பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தா தண்ணீரில் இறங்கியது? மறுபடி ஒரு சக்கரத்தைச் சூடேற்றி, ஆறவிடாமல், அப்படியே தொட்டிக்குள் இறக்கச் சொன்னாள். உதவியாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கூடத்தில் அப்படி யாரும் செய்து பார்த்ததில்லை.

வெளியே எடுத்து மூடியைக் கழற்றியபோது உள்ளே அரை டம்ளர் தண்ணீர் இருந்தது. சூட்டில் விரிந்து வெளியேறிய காற்று, குளிர்ந்த தண்ணீரில் பட்டதும் சுருங்கி, வெளித் தண்ணீரை சீல் வழியாக உறிஞ்சிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் அதே கதை. இத்தனை காலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது எல்லாம் ஆறிப்போன சக்கரத்தைத்தான்.

ஆறவிடவும் என்ற வரியை எழுதியது யார் என்று அவள் தாளைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அவளேதான். எட்டு வருடத்துக்கு முன்னால், சோதனை முறையை அவள் எழுதத் தொடங்கியிருந்தபோது, பிரிவில் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்ட வாரம், சாப்பிடும்போது சக்கரத்தார் சொன்னார்: பாவம், சூடாக இருக்கிற சக்கரத்தை எதற்குத் தொடச் சொல்கிறாய், ஒரு ராத்திரி ஆறவிட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? நம் ஆளுக்கும் தொழிலாளிமேல் இத்தனை கரிசனமா என்று அவளுக்கு அன்று மனசு குளிர்ந்துபோயிற்று. மறுநாளே அந்த வரியைச் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

முதலாளியின் அறையில் கூட்டம் நடந்தது. நாலே பேர்: முதலாளி, சட்ட ஆலோசகர், அவள், சக்கரத்தார். அவள் நான்கு சக்கரங்களின் படங்களையும் மேஜையில் வைத்தாள். ஓட்டுநர்மேல் தப்பில்லை, முந்நூறு வண்டிகளையும் திரும்ப அழைக்க வேண்டும் என்றாள். முதலாளி வெகுநேரம் படங்களைப் பார்த்தார். பிறகு, சூடான சக்கரத்தைத் தண்ணீரில் போட்டுப் பார்க்க இத்தனை வருடம் யாருக்கும் தோன்றவில்லையா, இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை யார் சேர்த்தது என்று கேட்டார்.

அவள் சக்கரத்தாரைப் பார்த்தாள். அவர் வாயைத் திறக்க வேண்டும் என்று காத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். 'நான்தான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சோதனை முறையை அந்தப் பிரிவுதான் முடிவு பண்ணும். நாங்க அதுல தலையிடுறதில்ல."

 இருபது வருடம் சோறு போட்ட கையால் படங்களை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுதினது நான். எழுதச் சொன்னது இவர்" என்றாள்.

சட்ட ஆலோசகர் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. மின்னஞ்சல்? இல்லை. எங்கே, எப்போது சொன்னார்? வீட்டில், சாப்பிடும்போது என்றாள். ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டார். வீட்டு விஷயத்தை வீட்டில் பேசிக்கொள்ளலாமே என்று முதலாளி, அவளுக்கு நல்லது செய்கிற மாதிரி சொன்னார்.

இருவரும் காரில் வீடு திரும்பினார்கள். சிக்னலில் நின்றபோது அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"முதல் சக்கரத்திலேயே தெரியும். என் ரூம்ல சூடா முக்கிப் பாத்தேன். அதைச் சொல்லியிருந்தா அன்னைக்கே சக்கர மோட்டார் வேலையை மூடியிருப்பாங்க. அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்."

"எட்டு வருஷமாச்சே."

"ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு. யாரும் கேக்கல."

அவள் கேட்காததும் அந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவளுக்குப் புரிந்தது.

பச்சை விழுந்தது. அவர் வண்டியை எடுத்துக்கொண்டே, குழந்தைக்குப் பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரு. நீ போனா அந்த நாற்காலியில இன்னொருத்தர் உக்காருவாங்க. நான் போனா சக்கரமே போயிடும். எத்தனை பேஷண்ட் அதுல ஏறி இறங்குறாங்க? அதனாலதான் பேசாம இருந்தேன்."

அவர் அதை நம்பித்தான் சொன்னார். அதுதான் கொடுமை. பொய் சொல்லியிருந்தால் அவள் கத்தித் தீர்த்திருப்பாள்.

ஓட்டுநரின் உரிமம் தப்பியது. கம்பெனி மன்னிப்பும் நஷ்டஈடும் கொடுத்தது. சோதனைப் பிரிவின் கவனக்குறைவு என்று புது அறிக்கை வந்தது. அவள் வேலையை விட்டு விலகுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டாள். முந்நூறு வண்டிகளும் திரும்பி வந்தன. காற்றை மட்டும் விட்டுத் தண்ணீரைத் தடுக்கிற, சட்டைப் பொத்தான் அளவு மூச்சுத்துளை ஒன்றைச் சக்கரத்தார் ஒரே மாதத்தில் வடிவமைத்தார். கம்பெனியே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்தத் துளையை எட்டு வருடத்துக்கு முன்பே போட்டிருக்கலாம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடியவள் வீட்டில் இருந்தாள்.

ஒரு காலை, ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே அவர் பேச்சுக் கொடுத்தார். அவள் இடத்துக்கு வந்திருக்கும் ஆள் ஒன்றும் தெரியாதவராம். சூடான சக்கரத்தை எத்தனை தடவை முக்கி எடுத்தால் சரியாக இருக்கும், எத்தனை நிமிடம் உள்ளே வைக்க வேண்டும் என்று புது முறையை எழுத முடியாமல் முழிக்கிறாராம்.

"உனக்குத்தான் அது கைவந்த விஷயமாச்சே. ஒரு வரி சொன்னா நானே அவர்கிட்ட சொல்லிடுவேன்."

எத்தனை தடவை, எத்தனை நிமிடம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். கதவுக்குப் பக்கத்தில் நின்று அவர் கட்டி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்றேன். ஆனா உங்ககிட்ட இல்ல. கம்பெனி என்கிட்ட எழுத்துல கேக்கட்டும். எட்டு வருஷத்துக்கு முன்னாடி ஆறவிடச் சொன்னது யாருன்னும் அதுல எழுதட்டும். நீங்க கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க."

அவர் நிமிரவில்லை. கட்டி முடித்த லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அந்தக் கடிதம் வரவே இல்லை.